ஒரு ரப்பரும் கொஞ்சம் கரிநெருப்பும்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தெர்மாகோல் சிலுவை கிடக்கிறது. இரண்டடி உயரம். பழுப்பு போஸ்டர் கலர் அடித்து, ஓரங்களை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து நானே செய்தது. அதில் 23 குண்டூசித் துளைகள் இருக்கின்றன. தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வீடு ஒதுக்கும்போது கீழே இறக்குவேன். அப்புறம் திரும்பவும் ஏற்றி வைத்துவிடுவேன்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்க் கோயிலில் பதினோரு வருடமாக ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு வாய்த்தது பாலர் வகுப்பு. நாலு வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு எடுப்பதைவிட இது சுலபம் என்று எங்கள் திருச்சபை வட்டாரமான சேகரத்தில் பலருக்கும் நினைப்பு உண்டு. கிறிஸ்துமஸ் வரைக்கும் அது உண்மைதான். மாட்டுத்தொழுவம், நட்சத்திரம், குழந்தை, மூன்று ராஜாக்கள், கேக். பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். வீட்டில் ஒரு தம்பிப் பாப்பா பிறந்திருந்தால் அவர்களே நமக்குப் பாடம் எடுப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் தொடங்கினால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். குருத்தோலை ஞாயிறு வரை ஓட்டிவிடலாம். ஓலையைக் குறுக்காக மடித்துச் சிலுவை செய்து கையில் கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். வெள்ளிக்கிழமையை என்ன செய்வது? ஒரு நல்ல மனிதரைப் பிடித்து, அடித்து, ஆணி அறைந்து கொன்றார்கள் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையிடம் எந்தக் குரலில் சொல்வது?

பல வருடம் நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். "இயேசப்பா ஏன் செத்தாரு? நம்ம பாவத்துக்காக. பாவம்னா என்ன? பொய் சொல்றது, திருடுறது, அம்மா சொன்ன பேச்சக் கேக்காம இருக்குறது." கேள்வியும் பதிலும் கச்சிதமாக இருக்கும். பிள்ளைகளும் ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். ஈஸ்டர் ஆராதனையில் ஐயர், அதாவது எங்கள் போதகர், கேட்டால் சபை முன்னால் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள்.

23 குண்டூசிகள்

2023 ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு. அந்த வருடம் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இந்தச் சிலுவையைச் செய்துகொண்டு போயிருந்தேன். கறுப்புச் சார்ட்டில் இதய வடிவத்தில் துண்டுகள் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்தேன். அவரவர் செய்த தப்பை வெள்ளைச் சாக்பீஸில் அதில் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் படம் வரைய வேண்டும். பிறகு வரிசையில் வந்து அதை ஒரு குண்டூசியால் சிலுவையில் குத்திவிட்டுப் போக வேண்டும். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு கவனமாகக் குத்தினார்கள். ஒரு பையனுக்கு ஊசி இறங்கவில்லை. நான்தான் அவன் விரலைப் பிடித்து அழுத்தினேன். வாசலில் நின்று பார்த்த இரண்டு அம்மாமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாடம் நன்றாகப் போயிற்று என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆறு வயதுப் பெண் ஒருத்தி தன் இதயத்தில் ஒரு முக்கோணம் போட்டு உள்ளே புள்ளிகள் வைத்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "ரப்பர்" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. பின்னால் இன்னும் ஆறு பேர் நின்றார்கள்.

பெரிய வெள்ளி அன்று எங்கள் கோயிலில் மும்மணி ஆராதனை. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரைக்கும், சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஆளுக்கொருவராகப் பிரசங்கம். ஏப்ரல் வெயில், முழு நாள் உபவாசம். பெரியவர்களே விசிறி மட்டையோடு நெளிவார்கள். பதினொன்றே முக்கால் இருக்கும். படியேறும்போது யாரோ என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அதே பிள்ளை. வெள்ளை கவுன், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பத்தடி தள்ளி ஆச்சி வேதாகமப் பையோடு நின்றார். பிள்ளை மூடியிருந்த கையை என் முன்னால் விரித்தாள். ஸ்ட்ராபெர்ரிப் பழம் மாதிரி ஒரு ரப்பர். பிடித்துப் பிடித்து வியர்வையில் பிசுபிசுத்துப் போயிருந்தது. பச்சைக் காம்பில் பாதியைக் காணோம்.

"டீச்சர், இத அவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டா இயேசப்பாவ எறக்கி விட்டுருவாங்களா?"

என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். "அவரு ஞாயித்துக்கெழம எந்திரிச்சிருவாரு செல்லம், நீ பயப்படாத" என்றேன். சரியான பதில்தான். எந்த வேதபாடப் பரீட்சையிலும் மார்க் கிடைக்கும். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஆனா இன்னிக்கி வலிக்கும்லா."

மணி அடித்துவிட்டது. பாடகர் வரிசையில் எனக்கு இடம் இருந்தது. நான் உள்ளே போய்விட்டேன்.

மூன்று மணி நேரமும் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அந்தப் பிள்ளை இந்த ஐந்து நாளும் எதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள் என்பது ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஒரு ரப்பரை எடுத்தாள். அதனால் ஒருவரை ஆணி அடித்துவிட்டார்கள். ஆணியும் அவள் கையாலேயே அடித்தது. கையில் ஊசியைக் கொடுத்தது நான். எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. பெரிய வெள்ளி அன்று வீட்டில் சுத்தியலைத் தொடவிட மாட்டார். காலண்டர் மாட்டக்கூட ஒரு ஆணி இறக்கக் கூடாது. "இன்னிக்கு ஒரு நாளாவது அந்தச் சத்தம் கேக்காம இருக்கட்டும்" என்பார். இறையியல் ஒரு வரி படிக்காதவர். நான் டிப்ளமோ வாங்கியவள்.

பிள்ளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே சரியாகத் தூங்கவில்லை என்று ஈஸ்டருக்கு மறுநாள் அவள் அம்மா ஃபோனில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

எந்திரிப்பார், தெரியும்

அந்த வருடம் முழுக்க இதே யோசனை. நான் சொன்னது பொய்யா? இல்லை. ஞாயிறுதோறும் நாங்கள் அறிக்கை செய்கிற விசுவாசம்தான் அது. ஆனால் அதைச் சொன்ன விதம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். மனிதனின் பாவம் கடவுளின் மாண்புக்கு ஏற்பட்ட கடன், அதைச் சிலுவை தீர்த்தது என்று கணக்குப் போட்டு விரிவாக எழுதியவர் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரி பேராயராக இருந்த ஆன்செல்ம். அதற்கு முன்பு ஆயிரம் வருடம் கிறிஸ்தவர்கள் இதே சிலுவையை வேறு விதங்களிலும் சொல்லியிருக்கிறார்கள்: மரணத்தோடு நடந்த சண்டை, அதில் கிடைத்த ஜெயம் என்று. ஆன்செல்மோடு மல்லுக்கட்ட எனக்குத் தகுதி இல்லை. பெரியவர்கள் விவாதித்து முடிக்காத ஒரு கணக்கை, நூறு வரை எண்ணவே திணறுகிற பிள்ளைகளிடம் சுருக்கிக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் என் கவலை.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. ஹங்கேரியில் மரியா நாகி என்ற உளவியலாளர் பிள்ளைகளிடம் மரணத்தைப் பற்றிப் பேசவைத்து, 1948இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் பலருக்குச் சாவு என்பது ஒரு பயணம், அல்லது ஒரு தூக்கம். போனவர் வரலாம், தூங்கியவர் எழலாம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வகுப்பில் நாலு வயதுக்காரன் ஒருவன் இருந்தான். கல்லறைக் கதையை நான் குரலை ஏற்றி இறக்கி, கல் புரண்டது, உள்ளே பார்த்தால் யாரும் இல்லை என்று நிறுத்தியபோது, "எந்திரிச்சிப் போயிருப்பாரு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஷூவின் ஒட்டுப் பட்டையைப் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது அதிசயமே இல்லை. சார்ஜ் போட்டால் ஃபோன் எரியும், காலையானால் தாத்தா எழுவார், அதுபோல. ஆறு, ஏழு வயதில்தான் செத்தவர் வரமாட்டார் என்பது மெல்லப் பிடிபடுகிறது. பயம் வருவதும் அப்போதுதான். ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லை, பக்கத்தில் இருப்பவளுக்கு அது இடி. நான் இரண்டு பேருக்கும் ஒரே ஊசியைக் கொடுத்திருக்கிறேன்.

மான்டிசோரி பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிற தோழி, சோபியா கவாலெட்டி என்ற பெயரைச் சொன்னாள். ரோம் நகரத்தில் எபிரெய மொழி அறிஞராக இருந்தவர். 1954இல் ஜான்னா கோபி என்ற மான்டிசோரி ஆசிரியையோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். மரத்தில் செய்த சின்ன ஆடுகள், ஒரு பட்டி, ஒரு மேய்ப்பன் பொம்மை. இவற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று வருடக்கணக்காகக் கவனித்தார். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விடாமல் போய் நின்ற இடம் நல்ல மேய்ப்பன். தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன். அந்த வயதில் பிள்ளைக்கு வேண்டியது தன்னை ஒருவர் அறிந்திருக்கிறார் என்பதுதான், தன் குற்றப்பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு நாலு சுவிசேஷங்களிலும் உயிர்த்தெழுந்த பகுதிகளை மட்டும் திரும்ப வாசித்தேன். சிறு வயதிலிருந்து கேட்டவைதான். ஆனால் இந்த முறை ஒரு ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி வாசித்தேன். திரும்பி வந்தவர் ஒருவரிடத்திலும் "எனக்கு இப்படிச் செய்துவிட்டீர்களே" என்று கேட்கவில்லை. அழுதுகொண்டு நின்றவளை "மரியாளே" என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். அதுவரை அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்திருந்தவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டவர்களிடம் சமாதானம் சொல்கிறார், தின்ன ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். யோவான் 21இல் இன்னும் ஒரு படி மேலே. ராத்திரி முழுக்க வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வருகிறவர்களுக்காக அவரே அடுப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த அடுப்புக்கு "கரிநெருப்பு" என்று இருக்கிறது. இந்த வார்த்தையை வேறெங்கோ பார்த்திருக்கிறேனே என்று மூன்று பக்கம் பின்னால் புரட்டினேன். 18ஆம் அதிகாரம். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் குளிருக்குப் போட்டிருந்ததும் கரிநெருப்பு. அதன் பக்கத்தில் நின்று குளிர்காய்ந்துகொண்டுதான் இயேசுவின் சீஷன் பேதுரு "நான் அவருடைய சீஷன் அல்ல" என்று மறுதலித்தான். கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல், புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத சொல் என்று உரைநூலில் பார்த்தேன். அந்தப் புகை மணம் பேதுருவுக்கு மறந்திருக்காது. அதே மணத்தின் பக்கத்தில் அவனை உட்காரவைத்து, முதலில் சாப்பாடு. சாப்பிட்ட பிறகுதான் பேச்சு. அதுவும் "ஏன் மறுதலித்தாய்" என்று இல்லை. "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று, மூன்று தடவை. அவன் மறுதலித்ததும் மூன்று தடவைதான்.

என் சிலுவையில் ரப்பரைக் குத்திவிட்டுப் போன பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய கதை இது.

ஜிலேபி மீன்

2024இல் ஈஸ்டர் மார்ச் 31ஆம் தேதியே வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் மட்டும் ஒரே தேதியில் வருகிறது, இது ஏன் வருஷா வருஷம் ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகைப் பௌர்ணமியை ஒட்டி நடந்த கதை, அதனால் நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள் என்றேன். பெரிய வியாழன் ராத்திரி எல்லோரும் அவரவர் மொட்டை மாடியில் நின்று நிலாவைப் பார்க்க வேண்டும், அன்றைக்குத் தோட்டத்தில் இயேசு முழித்திருந்தபோது மேலே இருந்ததும் இந்த நிலாதான், கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள், நீங்களாவது கொஞ்ச நேரம் முழித்திருங்கள் என்று சொல்லியனுப்பினேன். பௌர்ணமி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்ததால் நிலா வரத் தாமதமாயிற்று. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். "நாங்களும் சீஷர் மாதிரியே தூங்கிட்டோம் டீச்சர்" என்று மறுநாள் வந்து சொன்னார்கள். எனக்கு வேறென்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமையை நான் ஒளிக்கவில்லை. ஆணியும் உண்டு, சாவும் உண்டு. ஆனால் இந்தத் தடவை கூட்டாளிகளின் கதையாகச் சொன்னேன். யார் ஓடிப்போனார்கள், யார் தெரியாது என்று சொன்னார்கள், யார் கடைசிவரை தூரத்திலாவது நின்றார்கள். பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரிகிறது. இடைவேளையில் கூட்டாளி தன்னை விட்டுவிட்டு வேறொருவனோடு போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். முட்டையும் முயலும் இல்லாமல் ஈஸ்டரா என்று இப்போது கேட்கிறார்கள், யூடியூப் பார்த்துத்தான். முட்டை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் லெந்து காலம் முழுக்க முட்டையே தின்னக் கூடாது என்று இருந்த நாளில் ஈஸ்டருக்கு அது பெரிய விருந்து. நம் பிள்ளைக்கு அது சத்துணவில் தினமும் போடுகிற முட்டை. அதைக் கலர் அடித்துக் கொடுத்தால் ஏன் இப்படி வீணாக்குகிறீர்கள் என்றுதான் கேட்கும்.

என் கூடப் பாடம் எடுக்கிற மூத்த ஆசிரியர் ஒருவருக்கு நான் செய்யப் போவது பிடிக்கவில்லை. "சிலுவைய ஓரமா வச்சிட்டு மீன மட்டும் காட்டுனா அதுக்குப் பேரு பிக்னிக்கும்மா" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அந்தப் பிள்ளைகள் அவர் வகுப்புக்குத்தான் போவார்கள், அப்போது பாவத்தைப் பற்றி அவர் பேசுவார், பேசவும் வேண்டும். ஆறு வயதில் வேண்டாம் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். சம்மதமா, சலிப்பா என்று இன்றுவரை தெரியாது.

ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனை நாலு மணிக்கு. முடியும்போது வெளிச்சம் வந்துவிடும். கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று செங்கல் வைத்து, சிரட்டைக் கரி போட்டுப் பற்றவைத்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற குட்டியார் ஓடி வந்து, "கோயில் முற்றத்துல மீன் சுடப் போறீயளா?" என்றார். யோவான் 21 என்றேன். அவர் போய் ஒரு விசிறி மட்டையோடு திரும்பி வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மீன் குளத்து மீன்தான், ஜிலேபி. அது காரணத்தோடு வாங்கியது. கலிலேயாக் கடலில் இன்றைக்கும் பேதுருவின் மீன் என்ற பேரில் சுட்டுக் கொடுக்கிற மீனும் நம் ஜிலேபியும் ஒரே குடும்பம். நம் ஊருக்கு இது 1952இல்தான் வந்தது, நம் குளத்து மீனையெல்லாம் ஓரங்கட்டிவிட்டது என்று மீன்காரர்கள் திட்டுவார்கள். அதெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் குறைவாக, உப்பு, மஞ்சள், கொஞ்சம் எலுமிச்சை. புகை கண்ணைக் கரித்தது. ஒரு பக்கம் கருகிவிட்டது. வெள்ளைச் சட்டையெல்லாம் கறுப்பு விரல் அடையாளம், அதற்கு அம்மாமாரிடம் நான் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லோரும் சுற்றி உட்கார்ந்த பிறகு கதையைச் சொன்னேன். பேதுரு அந்த நெருப்பைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான் என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். இயேசு என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? "போடா வெளியன்னிருப்பாரு" என்றான் ஒருவன். "இல்ல, மன்னிப்புக் கேளுன்னிருப்பாரு." "முட்டி போடச் சொல்லிருப்பாரு." ரப்பர்க்காரி ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது ஏழு வயது. ரப்பரைப் பற்றி நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பிள்ளைக்குக் காணாமல் போனதே தெரியாதாம், புதிது வாங்கிவிட்டேன், நீயே வைத்துக்கொள் என்றுவிட்டதாம்.

"வாங்க, சாப்பிடுங்கன்னாரு" என்றேன்.

கொஞ்ச நேரம் கரி வெடிக்கிற சத்தம் மட்டும். பிறகு, ஷூப் பட்டையைப் பிரித்து ஒட்டுகிற பையன், இப்போது அவனுக்கும் ஐந்தாகிவிட்டது, அடுப்பையே பார்த்துக்கொண்டு கேட்டான். "கையிலதான் ஆணி அடிச்சிருந்தாங்களே டீச்சர். அந்தக் கைய வச்சி எப்பிடி மீனத் திருப்பிப் போட்டாரு?"

இத்தனை வருடத்தில் ஒரு பிரசங்கத்திலும் இதை நான் கேட்டதில்லை. குட்டியார் விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகளே ஆரம்பித்துவிட்டார்கள். "தோசக் கரண்டி வச்சிருப்பாரு." "அப்ப கரண்டி ஏது?" "குச்சி." "அவருக்கு ஆறிப் போயிருக்கும்ல, மூணு நாளாச்சே." "ஆறல, தோமா விரல விட்டுப் பாக்கலாம்னு சொன்னாருல்லா, ஓட்ட இருந்துச்சி." சண்டையே வந்துவிடும் போலிருந்தது. ரப்பர்க்காரி மட்டும் அதில் சேரவில்லை. பக்கத்திலிருந்த நாலு வயதுப் பிள்ளையின் இலையைத் தன் மடிக்கு இழுத்து, கருகின தோலை உரித்து ஓரமாக வைத்துவிட்டு, முள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சூடா இருக்கு, இரி" என்றாள் அதனிடம்.